அயலவர் போரும் நாமும்

2025ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. வன்னியில் நாம் கற்பிக்கும் பாடசாலையில் பதினோராந் தரத்துக்கு முதலாம் பாடவேளை தமிழ். வரவு இடாப்பை விரிக்குமுன்னரே பின்வரிசை மாணவனொருவன் எழுந்து நின்றான். முகம் வாடியிருந்தது. வீட்டில் ஏதோ நிகழ்ந்துவிட்டது போலும் என்று நாம் அஞ்சினோம்.

“சேர், நேற்று மச்சை இடையிலை நிப்பாட்டிப் போட்டாங்கள். லைற்றையும் நூத்துப்போட்டுச் சனத்தை வெளியாலை போகச் சொல்லிப்போட்டாங்கள்.”

இமாசலப் பிரதேசத்துத் தரம்சாலா மைதானத்தில் முதல்நாளிரவு பஞ்சாப் அணியும் டெல்லி அணியும் ஆடிய கிரிக்கெட் ஆட்டத்தையே அவன் குறித்தான். உடனே வகுப்பு முழுவதும் பேசத் தொடங்கிற்று. சென்னை அணி எப்போதோ வெளியேறிவிட்டபடியால் தனக்குக் கவலையில்லை என்றான் ஒருவன். மிகுதி ஆட்டங்கள் நடவாவிட்டால் கிண்ணம் யாருக்குப் போகும் என்பது இன்னொருவனின் ஐயம். இறுதியில் முன்வரிசையிலிருந்த சிறுவன் கேட்டான்:

“ஆர் சேர் வெல்லுவாங்கள்?”

“நின்றுபோன ஆட்டத்தில் வெற்றி ஏது?” என்றோம்.

“மச் இல்லை சேர். இந்தியாவோ, பாகிஸ்தானோ?”

இரண்டு கேள்விகளுக்குமிடையில் அவன் குரலில் வேறுபாடு ஏதும் இருக்கவில்லை. நாம் அதற்கு விடை கூறாது இலக்கணப் பாடத்தைத் தொடங்கினோம். அவ்வாறு வாளாவிருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதனைச் சற்றுப் பின்னர் சொல்வோம்.

நிகழ்ந்தவை பலரும் அறிந்தவையே. ஏப்பிரில் 22ஆம் திகதி காஷ்மீரத்துப் பஹல்காமில் துப்பாக்கி ஏந்தியோர் 26 பேரைச் சுட்டுக்கொன்றனர். இறந்தோர் பெரும்பாலும் சுற்றுலாவுக்கு வந்த இந்துக்கள். ஒருவர் அவ்வூர்க் குதிரைக்காரர், முஸ்லிம். இந்தியா 1960ஆம் ஆண்டின் சிந்து நதிநீர் உடன்படிக்கையை நிறுத்தி வைத்தது. மே 7ஆம் திகதி விடியுமுன் பாகிஸ்தானிலும், பாகிஸ்தானின் ஆட்சிக்குட்பட்ட காஷ்மீரிலும் ஒன்பது இடங்களைத் தாக்கியது. பாகிஸ்தான் திருப்பித் தாக்கியது. நான்கு நாள் வானில் ஏவுகணைகளும் ஆளில்லா விமானங்களும் பறந்தன. எல்லைக்கோட்டில் எறிகணைகள் விழுந்தன. 10ஆம் திகதி மாலை போர் நின்றது. நின்ற செய்தியை முதலில் உலகுக்கு அறிவித்தவர் வாஷிங்டனிலிருந்த ட்ரம்ப். 1962 டிசெம்பரில், இந்தியாவும் சீனாவும் பொருதியபோது, ஆறு அணிசேரா நாடுகளைக் கொழும்பிலே கூட்டி இருதரப்புக்கும் முன்மொழிவுகளை வரைந்து கொடுத்தவர் நமது பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா. அம்முயற்சி முழுப்பயன் தரவில்லை என்பது வேறு விடயம். அயலவர் சண்டையில் அயலவர் தலையிட்டுப் பேசுவதற்கு அன்று ஒரு மேசையாவது இருந்தது.

நாம் எழுதக் கருதியது அரசுகளைப் பற்றியன்று. அந்த நான்கு நாளும் போர்க்களத்துக்கு வெளியேயிருந்த மனிதர் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதைப் பற்றி. அவர்களுள் நாமும் ஒருவர் என்பதைப் பற்றி.

மே 6ஆம் திகதி நம் நாட்டில் உள்ளூராட்சித் தேர்தல். மறுநாள் ஆசிரியர் ஓய்வறையில் எந்தச் சபை எவர் கைக்குப் போயிற்று என்பதே பேச்சு. 8ஆம் திகதி இரவு நாம் விடைத்தாள்களைத் திருத்திவிட்டுப் படுக்கப் போகும் வேளையில் கைத்தொலைபேசியை எடுத்தோம். இந்தியச் செய்தித் தொலைக்காட்சிகள் சிவந்த எழுத்துகளால் நிறைந்திருந்தன. கராச்சித் துறைமுகத்தை இந்தியக் கடற்படை தகர்த்துவிட்டதாம். இஸ்லாமாபாத் வீழ்ந்ததாம். பாகிஸ்தானியப் படைத் தலைவர் கைதானாராம். அறிவிப்பாளர்கள் ஆசனத்திலிருந்து எழுந்து நின்று கூவினர். அவர்கள் குரலுக்குப் பின்னணியாக வான்தாக்குதல் அபாயச் சங்கு ஓயாது ஊதிற்று. நாம் ஓர் அலைவரிசையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித்தாவிப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரவு ஒரு மணியாயிற்று. மனைவி எழுந்து வந்து, “என்னப்பா பாக்கிறியள்?” என்றாள். “செய்தி” என்றோம்.

அது செய்தியன்று. அவற்றுள் ஒன்றேனும் உண்மையில்லை. கராச்சி இருந்தபடியே இருந்தது. வேறு நாடுகளில் வேறு காலங்களில் எடுத்த படங்களும், கணினி விளையாட்டொன்றின் காட்சிகளுங்கூடப் போர்க்காட்சிகளாக உலவின. நாம் ஏமாந்தது பெரிதன்று. பல கோடி மக்கள் ஏமாந்தனர். அந்த இரண்டு மணி நேரமும் நம் நெஞ்சில் ஒரு களிப்பு இருந்தது. அடுத்து என்ன விழும், அடுத்து எந்நகரம் எரியும் என்று அறியும் ஆவல். துறைமுகம் எரிந்தால் அங்கே சுமைதூக்குவோரும் எரிவர் என்ற எண்ணம் ஒருமுறையேனும் எழவில்லை. பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்று, சிலப்பதிகாரத்து மதுரை எரியுண்டதைப் பிள்ளைகளுக்கு உருக்கமாக எடுத்துரைப்பவர் நாம்! மறுநாட் காலையில் அச்சிறுவன் “ஆர் வெல்லுவாங்கள்?” என்று கேட்டபோது அவனைக் கடிந்துகொள்ள நமக்கு வாய் வராததற்குக் காரணம் இதுவே. அவன் நம் இரவுக் கேள்வியையே கேட்டான்.

அபாயச் சங்கைச் செய்தி நிகழ்ச்சிகளில் ஒலிக்க வேண்டாம் என்று இந்திய அரசின் குடிசார் பாதுகாப்புத் துறை 10ஆம் திகதி தொலைக்காட்சிகளுக்கு அறிவுறுத்திற்று. பொய்ச்சங்கு கேட்டுப் பழகிவிட்டால் மெய்ச்சங்கை மக்கள் பொருட்படுத்தார் என்பது காரணம். வன்னியில் எமக்குச் சங்கு இருந்ததில்லை. ‘கிபிர்’ விமானத்தின் இரைச்சலே சங்கு. அதற்கும் முன்னர் ‘வண்டு’ வரும். வேவு பார்க்கும் ஆளில்லா விமானத்துக்கு எம் சனம் இட்ட பெயர் அது. வண்டு சுற்றினால், சிறிது பொழுதில் கிபிர் வரும், அல்லது செல் வரும் என்று அறிந்து பங்கருக்குள் இறங்குவோம். சமையலை இடையில் விட்டு இறங்குவோம். 2025இல் இந்தியாவும் பாகிஸ்தானும் ஆளில்லா விமானங்களைக் கூட்டங் கூட்டமாக ஏவிப் பொருதின. அவ்விரு நாடுகளுக்கிடையில் இவ்வகைச் சண்டை அதுவே முதன்முறை என்று போரியலறிஞர் வியந்தெழுதினர். எம் மாணவரும் வியந்தனர். எந்த நாட்டு ட்ரோன் எவ்வளவு தூரம் பறக்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். தம் தாய்மார் அதனை வேறொரு பெயரால் அழைத்தனர் என்பது அவர்களுக்குத் தெரியாது. பெரும்பாலானோர் 2009இலும் அதன் பின்னரும் பிறந்தவர்.

இனி, அந்த வெள்ளிக்கிழமை இடைவேளையில் நிகழ்ந்தது.

எம் ஓய்வறையில் புவியியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் உளர். முஸ்லிம், நாற்பத்தைந்து வயதிருக்கும். ஏனையோர் அவரைச் ‘சேர்’ என்பர். நாம் ‘நானா’ என்போம். 1990 ஒக்ரோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் ஊரைவிட்டு வெளியேற்றியபோது பத்து வயதுச் சிறுவனாகத் தாயின் சேலையைப் பற்றிக்கொண்டு நடந்தவர். புத்தளத்து ஓலைக்கொட்டிலில் இருந்து படித்து ஆசிரியராகி, போர் முடிந்தபின் தந்தையின் காணிக்குத் திரும்பி வந்தவர். அன்று அவர் தேநீர் அருந்திக்கொண்டு பயிற்சிக் கொப்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணித ஆசிரியர் உள்ளே வந்தவர், கையிலிருந்த தொலைபேசியை உயர்த்திக் காட்டி, “என்ன சேர், உங்கட ஆக்கள் வாங்கிக் கட்டினமாம், கராச்சியே போட்டுதாம்” என்றார்.

நாலைந்து பேர் சிரித்தனர். நாமும் சிரித்தோம். வாய்விட்டன்று, ஆயினும் சிரித்தோம். கராச்சி போகவில்லை என்பது காலையிலேயே நமக்குத் தெரிந்திருந்தது. அதனைக்கூடச் சொல்லவில்லை.

நானா தலையை நிமிர்த்தி, “எங்கட ஆக்கள் எண்டா ஆர்?” என்று கேட்டார். பின் தாமே, “நாங்க வந்தது புத்தளத்திலை இருந்து, சேர்” என்று சொல்லிவிட்டுக் கொப்பியை மூடி, மணி அடிக்குமுன்னரே வகுப்புக்குப் போனார்.

கணித ஆசிரியரைத் தீயவர் என்று வாசகர் கருதிவிடலாகாது. ஊரில் எவர் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் வந்து நிற்பவர் அவர். அவர் தங்கை 2009இல் பல்குழல் எறிகணை வீழ்ந்து இறந்தவள். “பல்குழலைக் குடுத்தவன் பாகிஸ்தான்காரன்தானே” என்று பின்னொரு நாள் எம்மிடம் சொன்னார். அது முற்றும் பொய்யன்று. 2000ஆம் ஆண்டு ஆனையிறவுத் தளம் வீழ்ந்ததும் இலங்கை அரசுக்குப் பல்குழல் எறிகணைச் செலுத்திகளை விரைந்து அனுப்பியது பாகிஸ்தான். ஆனால் அதே அரசுக்கு ராடர் கொடுத்தது இந்தியா. அதற்கு முன் 1987 முதல் 1990 வரை அமைதிப்படை என்ற பெயரில் வந்து எம்மூரில் என்ன செய்தது என்பதை ஊர்க்கிழவரைக் கேட்டால் சொல்வர். எம் தலைமேல் விழுந்தவற்றில் இருவருக்கும் பங்குண்டு. அவ்விருவரும் மோதும்போது அவர்களில் ஒருவர்பக்கம் நின்று கைதட்டுவதற்கு எமக்கு எங்கிருந்து உரிமை வந்தது? அதனினும் கொடிது, கைதட்டியதோடு நில்லாது, எம்மோடு ஒரே குடத்தில் நீர் மொண்டு குடிக்கும் மனிதரை எதிரிநாட்டான் ஆக்கியது.

இக்கொடுமை எங்கும் ஒரே வகையாகவே நடக்கிறது. 1962 போரின்போது கல்கத்தாவிலும் அசாமிலும் தலைமுறைகளாக வாழ்ந்த சீனர்களை, தச்சரும் சப்பாத்துத் தைப்போரும் பல்வைத்தியரும் உணவுக்கடைக்காரருமான எளியோரை, ஏறத்தாழ 3,000 பேரை, இந்திய அரசு ரயிலேற்றி ராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைத்தது. அவர்களுட் பலர் சீனத்தைக் கண்ணாலும் கண்டதில்லை. போர் ஒரு மாதத்தில் முடிந்தது. முகாமிலிருந்த சிலர் வெளியே வர 1967 ஆயிற்று. வந்து பார்த்தபோது வீடும் கடையும் ஏலத்திற் போயிருந்தன. 2025இல் பஹல்காம் கொலைகளின் பின்னர் வட இந்திய நகரங்களிற் பயின்ற காஷ்மீரி மாணவர்கள் விடுதிகளில் தாக்குண்டு, இரவோடிரவாக ஊர் திரும்பினர். முகாமும் இடப்பெயர்வும் எத்தன்மையன என்று எமக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. ஆயினும் ஒரு சிரிப்பை அடக்க அவ்வறிவு போதவில்லை.

நகைப்புக்கிடமானவையும் நிகழாமலில்லை. ஐதராபாத்தில் ‘கராச்சி பேக்கரி’ என்றொரு வெதுப்பகம் உண்டு. நாட்டுப் பிரிவினையில் சிந்து மாகாணத்தை விட்டோடி வந்த இந்துக் குடும்பமொன்று 1953இல் தொடங்கியது. இழந்த நகரின் பெயரைக் கடைக்கு இட்டது. (இடம்பெயர்ந்தவன் கைக்கு எட்டும் முதற் பலகையில் தன் ஊர்ப்பெயரை எழுதுவான் என்பது வவுனியாத் தெருக்களில் நடந்தவர்க்குத் தெரியும்.) பாகிஸ்தானால் அகதியான அக்குடும்பத்தின் கடைப்பலகையை, பாகிஸ்தானை எதிர்ப்பதாகக் கூறித் தடிகொண்டு தாக்கினர் சிலர். அகதியின் ஏக்கமும் தேசத்துரோகமாயிற்று.

மற்றது மைசூர்ப்பாகின் கதை. ஜெய்ப்பூரில் இனிப்புக் கடைக்காரர் சிலர் தம் பண்டங்களின் பெயரிலிருந்த ‘பாக்’ என்பதை நீக்கி ‘ஸ்ரீ’ என்று வைத்தனர். மைசூர் பாக் ‘மைசூர் ஸ்ரீ’ ஆயிற்று. மோத்தி பாக் ‘மோத்தி ஸ்ரீ’ ஆயிற்று. தமிழாசிரியர் ஒருவர் இதனைக் கண்டு வாய்மூடி இருத்தல் அரிது. மைசூர்ப் ‘பாகு’, சர்க்கரைப்பாகு. நம்மூரில் அரியதரத்துக்கும் எள்ளுருண்டைக்கும் பதம் பார்த்துக் காய்ச்சுகிறோமே, அந்தப் பாகு. கன்னடத்திலும் வடமொழியிலும் ‘பாக’ என்பது சமைத்தலையும் பதத்தையுங் குறிக்கும்; ‘நளபாகம்’ என்கிறோம். பாகிஸ்தானின் ‘பாக்’ பாரசீகச் சொல். ‘தூய’ என்று பொருள். அடுப்படிச் சொல்லொன்று, பக்கத்து நாட்டின் பெயரோடு ஓசையொத்த குற்றத்துக்காக நாடு கடத்தப்பட்டது. அதன் இடத்தில் வந்து அமர்ந்ததோ ‘ஸ்ரீ’! அந்த எழுத்தை இலங்கைத் தமிழர் மறத்தல் இயலுமா? 1957இல் வாகன இலக்கத் தகட்டிற் சிங்கள ‘ஸ்ரீ’ பொறிக்கப்பட்டதும் வடக்கிலே அதன்மேல் தார் பூசினர்; மறுவருடம் தெற்கிலே தமிழெழுத்துப் பலகைகள்மேல் தார் பூசினர்; அந்தத் தார் காயுமுன் 1958 கலவரம் வந்தது. எழுத்தோடு போர் தொடுப்போர் எழுத்தோடு நின்றுவிடுவதில்லை. இந்த மைசூர் ஸ்ரீயைப் பற்றி வாசித்தபோது முதலிற் சிரித்த நாம், பிறகு நெடுநேரம் சிரிக்கவில்லை.

எல்லையோரத்தில் எவரும் பெயர் மாற்றிக்கொண்டிருக்கவில்லை. மே 7ஆம் திகதி காலை பூஞ்ச் நகரின் மீது பாகிஸ்தானிய எறிகணைகள் விழுந்தன. வீடுகளிலும் குருத்துவாராவிலும் விழுந்தன. சிறுபிள்ளைகளும் மாண்டனர். இந்தியப் பக்கத்தில் இருபது பேரளவில் பொதுமக்கள் இறந்தனர். தன் பக்கத்தில் 40 பொதுமக்கள் இறந்ததாகப் பாகிஸ்தான் கூறிற்று. அவர்களிலும் குழந்தைகள் உளர். அங்கெல்லாம் மக்கள் கேட்டது பழிக்குப் பழியன்று, பங்கர் கேட்டனர். எல்லைக் கிராமங்களிற் கட்டித்தந்ததுபோல நகரத்துள்ளும் ஏன் கட்டித் தரவில்லை என்று பூஞ்ச் மக்கள் கேட்டனர். டெல்லியிலிருந்து பூஞ்சுக்குச் செல்லும் தூரம் மிகப் பெரிதன்று. ஆயினும் தொலைக்காட்சிக் கூடத்தில் ‘இன்னும் அடி’ என்ற குரலுக்கும் அங்கே ‘போதும்’ என்ற குரலுக்கும் இடையிலிருந்த தொலைவை எந்தப் புவியியற் படத்திலும் அளக்க முடியாது.

போர் நின்றபோது மகிழ்ந்தோர் இருந்தனர், சினந்தோரும் இருந்தனர். போர்நிறுத்தத்தை அறிவித்த இந்திய வெளியுறவுச் செயலாளர் விக்ரம் மிஸ்ரியை, அரசின் முடிவை வாசித்த ஓர் அலுவலரை, துரோகி என்றனர். அவர் மகளையும் வைதனர். அவர் தம் சமூக ஊடகக் கணக்கைப் பூட்டிக்கொண்டார். அதற்கு முன்னரே, பஹல்காமில் கணவனைப் பறிகொடுத்த இளம்பெண்ணொருவர், முஸ்லிம்களையும் காஷ்மீரிகளையும் வெறுக்க வேண்டாம், நீதி வேண்டும் என்று சொன்னதற்காக இழிமொழிகளுக்கு ஆளானார். யார் பெயரால் பழிவாங்கப் புறப்பட்டனரோ அவரே வேண்டாமென்றபோது அவரையும் விடவில்லை.

பாகிஸ்தானிலோ முதலிரு நாட்களில் இளைஞர் போரை வைத்து நகைத்துணுக்குகள் ஆக்கினர். அச்சத்தை மறைக்கும் நகை அது. நாமும் பங்கருக்குள் பகடி பேசியதுண்டு. 10ஆம் திகதிக்குப் பின்னர் வீதிகளில் இனிப்பு வழங்கினர். படையினருக்கு மலர் தூவினர். இதனைச் சற்று நின்று நோக்கவேண்டும். சரியாக ஈராண்டுகளின் முன், 2023 மே 9ஆம் திகதி, இம்ரான் கான் கைதானபோது, இதே மக்கள் இராணுவக் கட்டடங்களுட் புகுந்து தீ வைத்தனர். நான்கு நாட் போர் அக்கோபத்தைக் கழுவிற்று. மே 20ஆம் திகதி படைத் தலைவர் அசிம் முனீர் ஃபீல்ட் மார்ஷல் ஆனார்; அயூப் கானுக்குப் பின் அப்பட்டம் பெற்றவர் அவரே. அதே ஆண்டு நவம்பரில் அரசியலமைப்பின் 27ஆம் திருத்தம், அப்பதவியாளரை வாழ்நாள் முழுதும் வழக்குகளிலிருந்து காத்தது. இம்ரான் கான் சிறையிலேயே இருந்தார். விலைவாசி இறங்கவில்லை. இந்தியாவிலும் மே நடுப்பகுதியில் ஆளுங்கட்சி தேசியக்கொடி ஏந்தி ஊர்வலங்கள் நடத்திற்று. இரு நாடுகளிலும் வெற்றி விழா. தோற்றவர் எங்கே? எல்லைக்கோட்டின் இருமருங்கும் புதைகுழியில்.

1965 போரில் பாகிஸ்தானியக் கவிஞர் ஃபைஸ் அஹ்மத் ஃபைஸிடம் போர்ப்பாட்டு எதிர்பார்த்தனர். 1962இல் லெனின் சமாதானப் பரிசு பெற்றவர், சிறை கண்டவர். அவர் வீரப்பாட்டு எழுதவில்லை. விளக்கணைப்பை, ‘பிளாக் அவுட்’ என்ற தலைப்பிலே, துயரமாகப் பாடினார். தரம்சாலாவின் விளக்குகள் அணைந்ததை எம் மாணவன் சொன்னபோது நமக்கு அக்கவிதை நினைவுக்கு வந்திருக்கவேண்டும். வரவில்லை. கிண்ணம் யாருக்கு என்பதிலேயே நம் மனமும் ஒரு கணம் நின்றது.

இனிப்பைப் பற்றிப் பேசினோம். நாம் உண்ட இனிப்பைப் பற்றியும் சொல்லவேண்டும்.

2000ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் ஆனையிறவு விழுந்த செய்தி வந்தபோது நமக்கு ஒன்பது வயது. சந்தியிற் பாட்டு ஒலித்தது. போவோர் வருவோருக்கெல்லாம் ரொபி கொடுத்தனர். நாம் வரிசையில் மூன்று தரம் நின்றோம். இரண்டைத் தின்று, மூன்றாவதை அம்மம்மாவிடம் கொடுத்தோம். அவர் அதனை வாங்கி, சுவாமிப்படத் தட்டின் ஓரத்தில் வைத்தார். உண்ணவுமில்லை, நம்மை ஏசவுமில்லை. இரண்டொரு நாளில் எறும்பு மொய்த்தது. அங்கே இரு பக்கத்திலும் இறந்தவர் எத்தனை பேர் என்பது அன்று நமக்குக் கேள்வியாகவே தோன்றவில்லை.

2009 மே மாதம் நாம் மெனிக் பாம் முகாமில் இருந்தோம். கம்பி வேலிக்கு அப்பால் வீதியில் வெடி கொளுத்தினர். எம் கூடாரத்திலிருந்த நாலு வயதுக் குழந்தை தறப்பாள் விரித்த நிலத்தைக் கையால் தோண்டத் தொடங்கிற்று, பங்கர் தேடிற்று. வெற்றி நாள் என்று தெற்கெங்கும் பாற்சோறு பங்கிட்டனர். வாயிலில் காவல் நின்ற சிப்பாயொருவன், நம் வயதுதான் இருக்கும், தனக்கு வந்த பொட்டலத்திலிருந்து ஒரு துண்டு பாற்சோறு எடுத்து நம்மிடம் நீட்டினான். ஏளனமாக நீட்டினானா, இரக்கத்தால் நீட்டினானா என்று இன்றும் துணிய முடியவில்லை. பசி. உண்டோம். ஆனையிறவு ரொபியை உண்ட அதே வாய், எம் சாவுக்கான பாற்சோற்றையும் உண்டது. இவ்விரண்டின் சுவையையும் அறிந்த நாம், 2025 மே 8ஆம் திகதி இரவு கராச்சி எரிவதாக நம்பி இரண்டு மணி நேரம் களித்தோம்.

வெசாக் விடுமுறை முடிந்து 14ஆம் திகதி புதன்கிழமை பாடசாலைக்குப் போனபோது நானாவைத் தனியே கண்டு, “அண்டைக்கு நான் சிரிச்சது பிழை நானா” என்றோம். நீண்ட பேச்சொன்றை ஆயத்தம் செய்து போயிருந்தோம். வாயில் வந்தது அவ்வளவே.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “சொன்னவரை நான் பாக்கயில்லை தம்பி. அவர்ட கதை எனக்குத் தெரியும். ஆராரு சிரிக்கிறாங்க எண்டுதான் பாத்தேன்” என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. கணித ஆசிரியரும் அவரும் இப்போது முன்போல் பேசிக்கொள்கின்றனர். பரீட்சை நேரசூசியைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசுகின்றனர். நம்மோடும் பேசுகிறார். ஆனால் இடைவேளையில் அவர் தேநீரை வகுப்பறைக்கே எடுத்துக்கொண்டு போவது அன்றிலிருந்து வழக்கமாயிற்று.

அன்றைய தினமே பதினோராந் தரத்துக்கு ஒரு கட்டுரை எழுதக் கொடுத்தோம். தலைப்பு: ‘வண்டு’. வீட்டிலே பெரியோரைக் கேட்டு எழுதுக என்றோம். பெரும்பாலானோர் வீட்டிற் கேட்கவில்லை. பூந்தேன் உண்ணும் வண்டை உவமை, உருவகங்களோடு எழுதினர். அது நாம் கற்பித்த பாடத்தின் பயன். ஐந்தாறு பேர் கேட்டிருந்தனர். ஒரு பிள்ளை தன் மாமா சொன்னபடி அது எவ்வாறு இரையும் என்பதை எழுதியிருந்தாள். இன்னொருவன், அன்று “ஆர் வெல்லுவாங்கள்?” என்று கேட்டவன், மூன்று வரி எழுதியிருந்தான். அம்மாவிடம் வண்டு என்றால் என்ன என்று கேட்டதாகவும், அம்மா விடை சொல்லாமல் எழும்பிப் போய் முற்றத்தைக் கூட்டியதாகவும், அது இரவு நேரம் என்றும் எழுதியிருந்தான். நாம் அதில் எழுத்துப் பிழை இரண்டைத் திருத்தினோம். புள்ளி இடவில்லை.

17ஆம் திகதி சனிக்கிழமை கிரிக்கெட் ஆட்டங்கள் மீண்டும் தொடங்கின. முதலாவது ஆட்டம் பெங்களூரில். அன்றிரவு அங்கே விடாமழை. ஒரு பந்தும் வீசப்படாமலே கைவிட்டனர்.

மறுநாள் ஞாயிறு, மே 18. முள்ளிவாய்க்காற் கஞ்சி காய்ச்சிச் சந்தியிற் கொடுத்துக்கொண்டிருந்தனர். உப்பும் அரிசியும் நீருமான கஞ்சி. 2009இல் அதுவே உணவு. நாம் மனைவியோடு போயிருந்தோம். கிடாரத்தின் அருகே நின்று சிரட்டையில் வார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன் அந்த மூன்று வரி மாணவன். நம்மைக் கண்டதும், “நேற்று முழுக்க மழை சேர், ஒரு பந்தும் போடேல்லை” என்று மெல்லச் சொன்னான். சொல்லிக்கொண்டே ஒரு சிரட்டையை நம்மிடம் நீட்டினான். இன்னொன்றை வார்த்து, சற்றுத் தள்ளி மரநிழலில் அமர்ந்திருந்த தன் தாயிடம் கொண்டுபோனான்.